லாம்

மசோதாவின் பதினேழாம் பிரிவைத்
தமிழாக்கும் வேலை எனக்கு.
சாஸ்திரி பவன், நான்காம் மாடி,
ஹீட்டர் ஒரு காலை மட்டும் சுடுகிற அறை.

“கணினியில் ஊடுருவல் நேர்ந்தால் நிறுவனம்
ஆறு மணி நேரத்துக்குள்
அறிவிக்கலாம்.”

மூல வரைவில் அப்படித்தான் இருக்கிறது.
அறிவிக்கலாம்.
டீ குடிக்கலாம். மழை வரலாம்.
இந்தப் பக்கம் வந்தால்
வீட்டுக்கும் ஒரு நடை வந்துபோகலாம்.
யாரையும் கட்டாத விகுதி.
கொண்டி இல்லாத கதவு மாதிரி
காற்றுக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

போன மார்கழியில்
யமுனைக்கு அக்கரையில் ஒரு மருத்துவமனை
அதிகாலை மூன்று பத்துக்குப் பூட்டிக்கொண்டது.
கதவுகள் திறந்துதான் கிடந்தன.
பூட்டிக்கொண்டவை பெயர்கள்,
இரத்த வகைகள்,
யாருக்கு எந்த ஊசி ஆகாது என்பது.
எல்லாத் திரையிலும் ஒரே கடிதம்:
மரியாதையான நடை, ஒரு தொகை, ஒரு கெடு.

ஆய்வக ஊழியர் ஓம்வதி
படுக்கை படுக்கையாய்ப் போய்
புறங்கைகளில் பேனாவால்
இரத்த வகையை எழுதினாளாம்.
மை தீர்ந்ததும்
கண்மை.
(விசாரணை அறிக்கை, பக்கம் முப்பத்தொன்று,
அடிக்குறிப்பில்.)

அன்று காலை
சுகாதாரத் துறை தொழில்நுட்பத் துறையைக் கேட்டது.
அவர்கள் உள்துறையைக் காட்டினார்கள்.
உள்துறை, கட்டடம் யாருடையது என்றது.
கட்டடம் எங்களுடையது,
கம்பி உங்களுடையது என்றது மாநிலம்.
ஊர் இரண்டுபட்டாலே
கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள்.
இது ஏழுபட்ட ஊர்.
அவசரப் பட்டியலின் முதல் எண்ணை
ஒரு மிட்டாய்க்கடைக்காரர் எடுத்தார்.
கஜக் புதுசா வந்திருக்கு, எத்தனை கிலோ என்றார்.

பிறகு தெரிந்தது,
மருத்துவமனைக்கு பில் போடும் ஒப்பந்தக் கம்பெனிக்குள்
திருடன் ஒன்பது நாளாய்க் குடியிருந்தான்.
அவர்களுக்குத் தெரியும்.
சொல்லலாம் என்றிருந்தது பழைய வழிகாட்டி.
சொல்லவில்லை.
சட்டப்படி அது குற்றமே இல்லை.

வியாழக்கிழமை
ஏழு துறைகளும் முதன்முறையாக ஒரே மேசையில்.
நாற்காலி வரிசைக்கே நாற்பது நிமிடம்.
தொழிலதிபர் சங்கத்துக்காரர்
‘வேண்டும்’ என்றால் சந்தை சுருங்கும் என்றார்,
பிஸ்கட்டைத் தேநீரில் தொட்டபடி.
அது பாதியில் உடைந்து உள்ளே விழுந்தது.

மொழிபெயர்ப்பாளர்கள் பேசக் கூடாது.
சந்தேகம் கேட்கலாம்.
சீட்டு எழுதி அனுப்பினேன்:
“பிரிவு 17. தமிழில் ‘லாம்’ என்பது
அனுமதியையும் குறிக்கும்,
நடந்தால் நடக்கும் என்பதையும் குறிக்கும்.
எது உத்தேசம்?”

இணைச் செயலாளர் நஸ்ரீன் கித்வாய்
இரண்டு முறை படித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
“இதைவிடக் கண்டிப்பான சொல்
உங்கள் மொழியில் உண்டா?”

உண்டு மேடம்.
வேண்டும்.
என்ன பொருள் என்றார்.
கட்டளை என்றேன்.
வேண்டுதலும் அதே வேர்தான்,
கோயிலில் கைகூப்பிக் கேட்பதும் அதுதான்
என்பதைச் சொல்லவில்லை.
ஓம்வதியின் கண்மை
ஏனோ நினைவுக்கு வந்தது.

திருத்தம் ஏறியது.
ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும்.
ஒரே எண், ஒரே அறை, இரவிலும் விழித்திருக்கும் ஆள்.
பொறுப்பு யாருடையது என்பதற்கு
இனி ஒரு பெயர் உண்டு.

இருபத்துமூன்றாம் பிரிவு வேறு மாதிரி.
“தேவைப்படின், அரசு
எவருடைய கருவியையும் திறந்து பார்க்கலாம்.”
அங்கேயும் ஒரு லாம்.
அங்கே அது கதவல்ல, கை.
அதற்கும் சீட்டு எழுதினேன்:
யாருக்குத் தேவைப்படின்?
யாரைக் கேட்டு?
சீட்டு கோப்பில் இருக்கிறது.
பதில் இன்னும் வரவில்லை.

இரவு மெட்ரோவில்
என் கைபேசி பதினோராவது நாளாகக் கேட்டது:
பாதுகாப்புப் புதுப்பிப்பு தயார், இப்போதே நிறுவவா?
சார்ஜ் பத்தொன்பது சதவீதம்.
மண்டி ஹவுஸில் கூட்டம் ஏறுகிறது.
பிறகு பார்க்கலாம் என்று
விரல் போய்விட்டது,
பொத்தான் வரைக்கும்.